பலகையிலிருந்து நான் கிழித்த தாள்

கண்ணு, எழுதுவது உன் அம்மாதான். உன் அறை விலாசம் கையில் இருந்தும், வேண்டுமென்றே இதைப் பத்திரிகை அலுவலகத்துக்கு, 'வாசகர் கடிதப் பகுதி' என்று மேலே எழுதி அனுப்புகிறேன். திங்கட்கிழமை நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் உன் முன்னால் கொண்டுவந்து கொட்டுவார்களே, அந்தக் குவியலில் இதுவும் கிடக்கட்டும். யாரோ முன்பின் தெரியாத பொம்பளை எழுதியது என்று நினைத்துப் பிரி. பிரித்த பிறகு, 'இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா' என்று தலையில் அடித்துக்கொள். அதைப் பார்க்க நான் அங்கே இருக்க மாட்டேன் என்பதுதான் குறை. அச்சில் போடத் தகுந்தது என்று தோன்றினால் போட்டுக்கொள். இதில் வரும் அவமானம் எல்லாம் என்னுடையது, எனக்கு ஆட்சேபணை இல்லை.

பஸ் புறப்படும் முன் நீ ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? பெட்டியை மேலே ஏற்றிவிட்டுப் பெருமையாகச் சிரித்தாய். ஊர் உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் எழுதுவார்கள், அதில் பாதி புளுகாக இருக்கும், பெயரை மாற்றி எழுதுவார்கள், வம்புக்கென்றே எழுதுவார்கள், ஆனால் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துக் கிழித்துப் போட்டுவிடுவேன் என்றாய். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். பிரிவுத் துயரம் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாய். இல்லையடா. 'கிழித்துப் போட்டுவிடுவேன்' என்ற சொல்லுக்குத்தான் அழுதேன். அப்படிப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தவள் நான். கிழித்தும் போட்டவள். அந்தக் கதையை உன்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை.

காஜா பெராங் சாலையில் ராவுத்தர் மளிகைக் கடைக்கு முன்னால், அஞ்சடி நடைபாதையில்தான் என் தையல் மிஷின் இருக்கிறது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுவரில் தொங்கிய கறுப்புப் பலகையையும் நீ பார்த்தே வளர்ந்தவன். ஆனால் அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. ஜப்பான்காரன் போன பிறகு, அவன் சயாமுக்கு ரயில் பாதை போட அழைத்துப் போனவர்களில் ஒருவர் இருவராகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். எலும்பும் தோலுமாக வந்து இறங்கும் ஒவ்வொருவரையும் பத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, எங்கள் ஆளைப் பார்த்தாயா, எங்கள் ஆளைப் பார்த்தாயா என்று கேட்போம். அந்த மனிதர்களுக்குப் பதில் சொல்லத் தெம்பு இருக்காது. ராவுத்தர் அதைப் பார்த்துச் சகிக்காமல், கடைக் கதவின் ஒரு பலகையைக் கழற்றித் தார் பூசிச் சுவரில் அடித்து, வரிசையாக ஆணி வைத்தார். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி மாட்டுங்கள், தெரிந்தவர்கள் அடியில் பதில் எழுதட்டும் என்றார். யாருடைய அனுமதியும் வேண்டாம், யாரும் மாட்டலாம். ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: அடுத்தவர் தாளை யாரும் கிழிக்கக் கூடாது.

முதல் தாளை நான்தான் மாட்டினேன். உன் அப்பாவின் பெயர், வயது, ஆற்றோரக் கிட்டங்கியில் மூட்டை இறக்கியவர், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, மூன்று மாத வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள், கண்டவர்கள் சொல்லவும். அவ்வளவுதான் எழுதினேன். மழையில் தாள் நைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே வரிகளைப் புதுத் தாளில் எழுதி மாட்டுவேன். எழுதத் தெரியாதவர்களுக்கும் நானே எழுதிக் கொடுத்தேன். மிஷினை நிறுத்திவிட்டு எழுதுவேன், எழுதிவிட்டுத் தைப்பேன்.

அந்த முதல் இரண்டு மூன்று வருடங்களை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. செங் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஒரு பெண், தம்பியைத் தேடி எழுதச் சொன்னாள். நாலாம் நாள் அதன் அடியில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: அந்தப் பெயரில் ஒருவன் உஜோங் பாசிரில் மீன் வலை சரி பண்ணுகிறான். எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை, நன்றியை எதிர்பார்க்கவில்லை. வழியில் நின்று படித்திருக்கிறார், தெரிந்ததை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெண் தம்பியோடு வந்து, பலகைக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். ராவுத்தர் சங்கடத்தோடு கடைக்குள் போய்விட்டார். கோயிலில் கும்பிட்டு வராத ஒரு பணிவு அன்று எனக்கு அந்தத் தார் பூசிய கட்டையின் முன்னால் வந்தது. முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் இப்படி உண்மையாக இருக்க முடியுமா என்று அந்தப் பென்சில் வரியை மறுபடியும் படித்தேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இனி வரப்போவது நல்ல கதை இல்லை.

முதலில் வந்தது ஒரு சாமி கடிதம். இதைப் படித்தவர்கள் ஒன்பது படி எடுத்து ஒன்பது இடத்தில் மாட்டினால் நினைத்தது நடக்கும், மாட்டாதவர் வீட்டில் பாம்பு புகும் என்று எழுதியிருந்தது. ஒரு வாரத்தில் பலகை முழுக்க அதே கடிதம். ஆளைத் தேடும் தாள்கள் எல்லாம் அதன் அடியில் புதைந்துபோயின. பிறகு மூலத்துக்கு மருந்து, குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்கும் நம்பர், வசிய மை என்று வந்தன. அதுகூடப் பரவாயில்லை, தள்ளிவிட்டுப் படிக்கலாம். அடுத்து, அடுத்தவர் பெயரில் எழுதத் தொடங்கினார்கள். ராவுத்தர் பெயரைப் போட்டு, வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் இலவச அரிசி என்று யாரோ மாட்டிவிட்டார்கள். பையோடு வந்தவர்களுக்கு அது பொய் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அவர் தொண்டை கட்டிவிட்டது. அரிசி கிடைக்காதவர்கள் எழுதியவனைத் திட்டவில்லை, ராவுத்தரைத்தான் திட்டிவிட்டுப் போனார்கள். அதற்கும் பிறகு கேலி வந்தது. மகனைத் தேடி ஒரு தாய் மாட்டிய தாளின் அடியில், சயாம் புலி நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறது என்று எவனோ எழுதியிருந்தான். அந்தத் தாய் எழுதப் படிக்கத் தெரியாதவள். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைத்தான் கேட்டாள். ஒன்றும் இல்லையம்மா, விசாரிக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். பலகையில் இருந்ததை மாற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாம் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உஜோங் பாசிருக்குப் போனோமே, உனக்குப் பன்னிரண்டு வயது. கடலைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி உன்னை அழைத்துப் போனேன். உனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, மீன் காயப்போடும் இடத்தில் வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். எதற்கம்மா இங்கேயே நிற்கிறோம் என்று நீ நச்சரித்ததும், நான் முதுகில் ஒன்று வைத்ததும் உனக்கு நினைவிருக்கும். என் தாளுக்குப் பதில் வந்திருந்தது, கண்ணு. 'உன் கணவரைத் தெரிந்தவர் அங்கே காத்திருப்பார்' என்று எழுதியிருந்தது. யாரும் வரவில்லை. மறுநாள் அதே தாளில், வெயில் எப்படி இருந்தது என்று அதே கையெழுத்தில் இருந்தது. அதுபோல இன்னும் இரண்டு தடவை போனேன். மூன்றாம் தடவை திரும்பி வரும்போது ஒரு முடிவோடு வந்தேன். இனி எவன் எதை எழுதினாலும் இந்தக் கால் நகராது. அன்று முதுகில் அடித்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

இதுவரை சொன்னதில் நான் பாவப்பட்டவள். இனிமேல்தான் என் யோக்கியதை தெரியும். நம் தெருக்கோடியில் இருந்த கிராணியாரை உனக்குத் தெரியும், தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றும் எழுதுவார். அதனால் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. தினம் காலையில் குடையோடு வந்து பலகையின் முன் நிற்பார். மலாயில் இருப்பதைத் தமிழருக்கும் இங்கிலீஷில் இருப்பதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துச் சொல்வார். அதோடு நிற்காமல் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, தாள்களில் உள்ள தப்பையெல்லாம் திருத்துவார். என் தாளையும் திருத்தினார். புருஷனைத் தேடி எழுதியவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலச் சிவப்பில் கோடு. என் கோபம் உனக்குத் தெரியுமே. ஒரு தாளை எடுத்து, அவர் பெயரைப் போட்டு, அவர் நடையிலேயே எழுதினேன்: அறுபது வயது ஆகியும் திடகாத்திரமான எனக்கு மணப்பெண் தேவை, பல் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, எழுத்துப் பிழை இல்லாதவளாக இருத்தல் வேண்டும்.

தெருவே சிரித்தது. நானும் மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மூன்றாம் நாள் செங்கிலிருந்து ஒரு குடும்பம், தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு வந்து இறங்கியது. விதவையான தங்கைக்கு ஒரு வழி பிறந்தது என்று நம்பி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பலகையை அவர்கள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிராணியார் கதவைத் திறந்து, விஷயம் புரிந்ததும், அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்து, நடந்த தவறுக்குத் தானே மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். அந்தத் தங்கை தலையைக் குனிந்தபடி என் மிஷினைத் தாண்டி நடந்து போனாள். அப்போதாவது நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊசியில் நூல் கோப்பதுபோலக் குனிந்துகொண்டேன். கிராணியார் அன்றிலிருந்து பலகைப் பக்கம் வரவில்லை. மலாய்த் தாள்களைப் படித்துச் சொல்லவும் ஆளில்லாமல் போயிற்று.

நீ சிரம்பானில் மாமா வீட்டில் தங்கிப் படித்த முதல் வருடம், ராவுத்தர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, உன் தாளுக்குப் பக்கத்தில் ஒரு தாள் வந்திருக்கிறது, மலாயில் இருக்கிறது என்றார். தட்டுத் தடுமாறி அவரே படித்தார். இந்தத் தாளில் கேட்டிருப்பவரோடு நான் சயாமில் இருந்தேன். அவர் சொல்லச் சொன்னது ஒன்று என்னிடம் இருக்கிறது. என்னால் நடக்க முடியவில்லை. செட்டிக் கம்பத்தில் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. தயவுசெய்து வரவும். கீழே சுப்ரமணியம் என்று கையெழுத்து.

நம் தெருவுக்குப் பின்னாலேயே செட்டிகளின் குடியிருப்பான செட்டிக் கம்பம் இருக்கிறது. சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், பேச்சு மட்டும் மலாய், எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான். இது காஜா பெராங்கில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்று என் கண்ணில் பட்டதெல்லாம், மலாய் எழுத்துக்கு அடியில் ஒரு தமிழ்ப் பெயர். சுப்ரமணியம் என்று பெயர் வைத்தவனுக்குத் தமிழில் நாலு வரி வராதா? மலாய் எழுதத் தெரிந்து, என் மேல் கறுவிக்கொண்டிருக்கும் தமிழன் இந்தத் தெருவில் யார்? கிராணிதான். அவர் பெயரில் நான் எழுதினேன், இப்போது எவன் பெயரிலோ அவர் எழுதுகிறார். என் புத்தி நான் செய்ததை வைத்தே அவரையும் அளந்தது. ராவுத்தர், "போய்ப் பாத்துட்டு வாம்மா, நாலு எட்டு நடைதானே" என்றார். நாலு எட்டு நடைக்கு என் கால் நகரவில்லை. அவர் கையிலிருந்து தாளை வாங்கி, நாலாகக் கிழித்து, சாக்கடையில் போட்டேன். அடுத்தவர் தாளைக் கிழிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் போட்டவர் கண் முன்னாலேயே.

அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் எந்தத் தேதியில் என்று பண்டார் ஹிலிர் திடலில் நாளைக் காலை சொல்லப் போகிறார்கள், எல்லோரும் வாருங்கள் என்று பலகையில் ஒரு தாள் தொங்கியது. படித்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இலவச அரிசி கொடுத்தவன்தான் இதையும் எழுதியிருப்பான் என்று நானே சொன்னேன். மறுநாள் காலை திடலில் கூடிய கூட்டத்தில் நம் அஞ்சடியிலிருந்து பாதிப் பேர் இல்லை. ஒரு நாடு பிறக்கப் போகும் நாளைச் சொன்னார்கள், நான் இங்கே உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மதியம் ஆட்கள் தொண்டை கட்டிப்போய், கண் சிவந்து, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் சாலையில் திரும்பி வந்தார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும் கலந்து நடந்தார்கள். உண்மைதான், கண்ணால் பார்த்தோம், காதால் கேட்டோம் என்றார்கள். அவ்வளவு பெரிய உண்மை என் தலைக்கு மேல் தொங்கியிருக்கிறது, நான் நம்பவில்லை. மிஷினில் கை வைத்தபடி அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்திலிருந்து விலகி ஒரு அம்மா என் முன்னால் வந்து நின்றாள். மலாய்ப் பெண்கள் போலச் சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றியில் திருநீறு இட்டிருந்தாள். என் வயது இருக்கும். உன் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் மனைவி நீங்களா என்று மலாயில் கேட்டாள். தன் பெயர் லெட்சுமி என்றாள். என் கணவர் சுப்ரமணியம் உங்களை வரச் சொல்லித் தாள் மாட்டினார், நான்தான் கொண்டுவந்து மாட்டினேன், நீங்கள் வரவில்லை, பார்த்திருக்க மாட்டீர்கள் என்றாள். பார்த்திருக்க மாட்டேனாம். அவளுக்கு அப்படித்தான் நினைக்கத் தெரிந்திருந்தது. அவர் போன தீபாவளிக்குப் பிறகு இறந்துவிட்டார், துக்கம் காத்ததால் வெளியே வரவில்லை, இன்று ஊரே நல்ல சேதி கேட்ட நாள், அதனால் வந்தேன் என்றாள்.

பிறகு அவள் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன். உன் அப்பாவும் சுப்ரமணியமும் ஒரே கொட்டகையில் படுத்தவர்கள். உன் அப்பாவுக்கு வாந்திபேதி கண்ட கடைசி நாளில், சுப்ரமணியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் ஏதோ சொன்னாராம். திரும்பத் திரும்ப அதையே சொன்னாராம். இவருக்குத் தமிழ் தெரியாது. சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்ற அளவுக்கு ஒன்றிரண்டு சொல் பிடிபட்டது. ஆனால் சாகக் கிடக்கிற மனிதன் பெண்டாட்டிக்குச் சாப்பாட்டைப் பற்றியா சொல்லி அனுப்புவான், அதற்கு வேறு பெரிய அர்த்தம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம். அதனால் ஒரு சொல்கூட விடாமல் மனப்பாடம் செய்தார். கோயிலில் அவர்கள் அர்த்தம் தெரியாமலே தேவாரம் சொல்லுவார்களே, அந்த மாதிரி. சண்டை முடிந்து சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலைக்குப் போன பிறகும், தினம் குளித்துச் சாமி கும்பிட்டு முடிந்ததும், மறந்துவிடக் கூடாதே என்று அதையும் ஒரு தடவை சொல்லிக்கொள்வாராம். நோயோடு ஊர் திரும்பிய பிறகு மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தார். பக்கத்தில்தான் எத்தனை தமிழர்கள் இருக்கிறோம், யாரையாவது அர்த்தம் கேட்டிருக்கலாமே என்றேன். ஒருவன் மனைவிக்குச் சொன்னதை மற்றவர் காதில் போடலாமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். உங்களிடம் சொல்லிவிட்டு, என்ன அர்த்தம் என்று உங்கள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கடைசி ஆசை என்றாள்.

அந்தச் சாலையில், அத்தனை கூச்சலுக்கு நடுவில், லெட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினாள். கண்ணை மூடி, தனக்குத் தெரியாத மொழியில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"புள்ள, எனக்கு எடுத்து வைக்காத. நான் சாப்பிட்டாச்சு. நீ சாப்பிடு. பையனுக்குக் குடு."

கண்ணு, ஜப்பான் காலத்தில் வீட்டில் மரவள்ளிக் கிழங்குகூடப் பத்தாது. உன் அப்பா கிட்டங்கியிலிருந்து சாயங்காலம் வருவார். வாசலில் கால் கழுவும்போதே இதைத்தான் சொல்லுவார். இதே வார்த்தைகள், இதே வரிசை. வழியில் யாரோ கொடுத்தார்கள், வயிறு நிறைந்துவிட்டது என்பார். நானும் நம்பி உனக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவேன். கிட்டங்கியில் அவரோடு வேலை செய்தவர் ஒரு நாள் சொல்லித்தான் தெரியும், மத்தியானம் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு மூட்டை தூக்கினார் என்று. அந்த வார்த்தைகள் நம் வாசலைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஒருவராலும் இட்டுக்கட்ட முடியாது. சயாம் காட்டிலிருந்து, தமிழ் தெரியாத இரண்டு பேர் நாக்கில், பன்னிரண்டு வருடம் பயணம் செய்து, ஒரு சொல் சிந்தாமல் என் மிஷின் முன்னால் வந்து நின்றது அவருடைய குரல். நான் எழுந்து நின்றேன் என்று நினைக்கிறேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம், சாமியை நேரில் பார்த்தால் வரும் என்பார்களே, அது.

தாளை நான் பார்த்தேன், கிழித்தேன் என்று அவளிடம் அப்போதே சொல்லிவிட்டேன். ஒளித்துவைக்க முடியவில்லை. அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "தாக் ஆப்பா" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம், மலாயில் அதைவிடச் சின்னப் பேச்சு கிடையாது, தினம் கடையில் நூறு தடவை கேட்கும் பேச்சு. ஆனால் அவள் கண்ணில் பரவாயில்லை என்று இல்லை. அவர் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் வாசலைப் பார்ப்பார் என்று மட்டும் சொன்னாள். நான் பட்டது அவ்வளவும் பெரிதில்லை, கண்ணு. உன் அப்பாவின் சொல் எப்படியும் என்னிடம் வந்துவிட்டது. வராமல் போனது அந்த மனிதருக்குப் போய்ச் சேர வேண்டிய பதில். கூப்பிடு தூரத்தில் படுத்துக்கொண்டு, தான் சுமந்தது என்னவென்று தெரியாமலே அவர் செத்துப்போனார். அதற்குக் காரணம் பலகையைக் கெடுத்தவர்கள் மட்டும் இல்லை, நானும்தான்.

தமிழ் படிக்கத் தெரியாத உங்களுக்கு என் தாளில் இருந்தது எப்படித் தெரிந்தது என்று அவளைக் கேட்டேன். அதன் அடியில்தான் மலாயில் எழுதியிருந்ததே என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்தது. சின்ன எழுத்தில் ஒரு வரி. ஒவ்வொரு வருடத் தாளிலும் அடியில் ஏதோ கிறுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், வழக்கமான கேலி என்று நினைத்துக் கண்ணைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அது சிவப்புப் பென்சில் எழுத்து.

அப்படியே கிராணியார் வீட்டுக்குப் போனேன். கல்யாண விளம்பரம் எழுதியது நான்தான் என்று வாசலில் நின்றே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்மா. நாலு வருஷம் திருத்துன எழுத்து, எனக்குத் தெரியாதா" என்றார். பிறகு ஏன் ஐயா அதற்கப்புறமும் என் தாளில் எழுதினீர்கள் என்று கேட்டேன். இந்த ஊரில் எல்லோருக்குமா தமிழ் தெரியும், மலாயிலும் ஒரு வரி இருந்தால் இன்னும் நாலு பேர் படிப்பார்களே என்று போட்டேன் என்றார். ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில், நான் மிஷினைக் கொண்டுவந்து வைக்கும் முன்பே வந்து எழுதிவிட்டுப் போவாராம். பகலில் வந்தால் சிரிக்கிறார்கள் என்றார். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. அவர் மண்டைக்கனம் பிடித்தவர் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை அடிக்கவில்லை, அதுவும் உண்மைதான். இரண்டும் ஒரே மனிதர்.

உன் அப்பா காரியத்துக்கு நீ சிரம்பானிலிருந்து வந்தபோது, யார் சேதி கொண்டுவந்தது என்று கேட்டாய். ஒரு செட்டி வீட்டம்மா என்றேன். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. அந்த வருடம் நடுவில் லெட்சுமி வீட்டில் பார்ச்சு வந்தது. முன்னோருக்குச் செட்டிகள் கொடுக்கும் படையல் அது. வாழையிலை போட்டு, இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்து, விளக்கேற்றி, அவர் வந்து சாப்பிட நேரம் கொடுத்துக் காத்திருந்துவிட்டு, பிறகு வீட்டார் சாப்பிடுவார்கள். என்னையும் அழைத்திருந்தாள். கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. என் மிஷினிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன், முந்நூறு எட்டுகூட இல்லை. சோறு, மீன் குழம்பு, சம்பல், பலகாரம் என்று இலை நிறைந்திருந்தது. எல்லோரும் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், அந்த மனிதருக்குப் பதில் சொன்னேன். நீங்கள் கொண்டுவந்தது சாப்பாட்டைப் பற்றித்தான், அதற்கு வேறு அர்த்தம் இல்லை, ஆனால் நீங்கள் நினைத்தது சரி, அதைவிடப் பெரிய அர்த்தம் எதற்கும் இல்லை என்றேன். உன் அப்பா சொன்னது இது என்று ஒவ்வொரு சொல்லாக மாற்றிச் சொன்னேன். எனக்கு எடுத்து வைக்க வேண்டாம், நான் சாப்பிட்டாகிவிட்டது, நீ சாப்பிடு, பிள்ளைக்குக் கொடு. பின்னால் லெட்சுமி தேம்பினாள். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். அவள்தான் என் தட்டில் முதலில் போட்டாள்.

இப்போது நீ திங்கட்கிழமை அந்த மேசைக்குப் போகிறாய். உன்னை ஏமாளியாக இருக்கச் சொல்லவில்லை. பொய் வரும், நிறைய வரும், பெயர் மாற்றி வரும், பெண் பெயரில் ஆண் எழுதுவான், உன்னை அழவைக்க என்றே ஒருவன் தபால்தலை ஒட்டுவான். சந்தேகப்படு. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து சந்தேகப்படாதே. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, ஒரு வரி பதில் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் சந்தேகப்படு. மூன்று தடவை ஏமாந்தால் கால் வலிக்கும், அவ்வளவுதான். நாலாவது தடவை போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். நீயே ஒரு நாள், விளையாட்டுக்கென்றுகூட, அடுத்தவன் பெயரில் ஒரு வரி எழுதிவிடாதே. மற்றவன் சொல்வதை நம்பும் தெம்பு அன்றோடு உன்னை விட்டுப் போய்விடும், எனக்குப் போனதுபோல.

பலகை இன்னும் இருக்கிறது. நானும் கிராணியாரும் ராவுத்தரும் அதைக் கழுவித் தார் பூசினோம். காலையில் அவர் குடையோடு வருகிறார், சிவப்புப் பென்சிலும் வருகிறது, என்னோடு தினம் சண்டையும் நடக்கிறது. ஆட்கள் முன்போல நம்புவதில்லை. மெதுவாக வருவார்கள், இல்லாவிட்டாலும் நாங்கள் தாளை மாட்டிக்கொண்டிருப்போம். இந்தப் பொங்கலுக்கு உன் அப்பா தாளை எழுதவில்லை. அந்த ஆணியில் லெட்சுமி, தன் கணவரோடு அதே கொட்டகையில் இருந்த இன்னும் மூன்று பேர் பெயரை மாட்டியிருக்கிறாள். அவர்கள் வீட்டாருக்குச் சொல்ல அவளிடம் சேதி இருக்கிறதாம்.

கடைசியாக ஒன்று. எனக்கு வாரம் ஒரு கடிதம் போடு. கோலாலம்பூரில் மழையா வெயிலா, மேலாளர் நல்லவரா கெட்டவரா, எதை வேண்டுமானாலும் கூட்டிக் குறைத்து எழுது, நான் நம்பிக்கொள்கிறேன். 'நான் சாப்பிட்டாச்சு அம்மா' என்று மட்டும் சாப்பிடாமல் எழுதாதே. அது யார் சொல்லும் பொய் என்று எனக்குத் தெரியும். அடுத்த பஸ்ஸிலேயே சோற்றுப் பானையோடு வந்து நிற்பேன்.